கட்டில் வந்தது, நர்ஸ் வரவில்லை

அம்மணி கோபிச்செட்டிபாளையத்துக்காரி. கணவர் ஜெயராமுக்குப் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் வேலை கிடைத்ததால் ஹைதராபாத் வந்தவள், நாச்சாரத்தில் தொழிலாளர்களுக்கான அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்தாள். பிரசவம், மாமியாரின் பக்கவாதம், நைட் டியூட்டி எல்லாவற்றையும் சமாளித்துத் தலைமை நர்ஸ் ஆனாள்.

ஆலைத் தூசியில் நுரையீரல் கெட்டவர்கள் வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்தார்கள். அவர்களுக்குத் தனி வார்டு திறக்க டெல்லியிலிருந்து பணம் வந்தது. மார்ச் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். கட்டிலும் ஆக்ஸிஜன் குழாயும் சொன்ன தேதிக்கு வந்து இறங்கின. நர்ஸ்தான் கிடைக்கவில்லை. படித்து வந்த பெண்களைக் நகரின் மறுகோடியில் கச்சிபௌலியிலிருந்த தனியார் ஆஸ்பத்திரிகள் அள்ளிக்கொண்டு போயின.

“சம்பளத்தை ஏத்திப் போடுங்க சிஸ்டர்,” என்றார் கணக்கு அதிகாரி உமாசங்கர், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். “பணத்துக்கு டென்ஷன் நக்கோ, கவலையே வேண்டாம். சர்க்கார் கடன் பத்திரம் போடும், பேங்க் வாங்கும். அப்புறம் பேங்க்கிட்டேயிருந்து ரிசர்வ் பேங்க் வாங்கிக்கும். அதுக்குக் காசு? கம்ப்யூட்டர்ல தட்டினா வந்துடும்.”

“நர்ஸும் அப்படித் தட்டினா வருமுங்களா?”

“ஏத்திப் போட்டுப் பாருங்க.”

போட்டாள். ஒரே வாரத்தில் ஆறு பேர் வந்தார்கள், நல்ல அனுபவசாலிகள். அந்த அனுபவம் எந்த ஆஸ்பத்திரியுடையது என்று மார்ச் அவசரத்தில் அவள் யோசிக்கவில்லை.

வார்டு திறந்த மறுநாள் நஸ்ரின் போன் செய்தாள். வேலூர்க்காரி, பழைய சிநேகிதி. அதே இலாகாவின் பக்கத்து மல்லாபூர் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ்.

“ஏண்டி, ஆள் பிடிக்க உனக்கு என் வார்டுதான் கெடச்சுதா? ஆறு பேரையும் தூக்கிட்டியே! இங்க வார்டைப் பூட்டிட்டோம். நோயாளிங்களையும் அனுப்பறேன், சேர்த்து வச்சுக்கோ.”

மதியத்துக்குள் ஆம்புலன்ஸ்கள் வந்தன. புது வார்டு நிறைந்தது. வராந்தாவில் பாய்கள் அப்படியே கிடந்தன. இரண்டு ஆஸ்பத்திரிக்கும் இருந்த நர்ஸ்கள் அதே நர்ஸ்கள்தான். சம்பளம்தான் ஏறியிருந்தது.

அம்மணி உமாசங்கரிடம் போனாள். “மீதிப் பணத்துல புதுசா பொண்ணுங்களுக்குப் பயிற்சி குடுக்கலாமுங்களா?”

“இது வார்டுக்குன்னு வந்த பணம், அந்தத் தலைப்புல பயிற்சிக்குக் குடுக்க முடியாது சிஸ்டர். அடுத்த பட்ஜெட்ல தனியா கேக்கணும். இப்ப செலவழிக்கலைன்னா இது போயிடும்.”

“போகட்டுமுங்க.”

“மேலிடத்துல என்னைத் திட்டுவாங்க!”

“என்னையும் சேர்த்துத் திட்டச் சொல்லுங்க.”

மூன்று நர்ஸ்களை மல்லாபூருக்கே மாற்றி அனுப்பினாள். இரண்டு இடத்திலும் பாதி வார்டு நடந்தது. பாய்கள் குறையவில்லை, மல்லாபூர்க்காரர்கள் மூச்சிரைக்க ஆம்புலன்ஸில் அலைவது மட்டும் நின்றது. நஸ்ரின் நன்றி சொல்லவில்லை. மீதி மூன்று பேர் எப்போது என்று கேட்டாள்.

அடுத்த வருஷம் பயிற்சிக்குப் பணம் வந்தது, கேட்டதில் பாதி. ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் சேர்ந்தார்கள். நர்ஸ் இல்லாமல் காலியாகக் கிடந்த கட்டில்களில் ஒருத்தியைப் படுக்கவைத்து இன்னொருத்தியைக் குழாய் மாட்டச் சொன்னாள் அம்மணி.

படிப்பு முடிந்ததும் கச்சிபௌலிக்குப் போகப்போகிறவர்கள் யார் என்று முதல் நாளே தெலுங்கில் கேட்டாள். நாலு கை உயர்ந்தது.

“சரி,” என்றாள், “அப்படியானால் இன்னும் நாலு பேரைச் சேர்க்க வேண்டும்.”