இராஜாங்கத்தின் மேக்ரோவும் பிள்ளையார் சுழியும்

கும்பகோணத்தில் ஜெர்மன் புத்தகத்துக்குக் கம்ப்யூட்டரில் அச்சுப்பக்கம் கட்டுகிறவர் தான் ஒருவர்தான் என்று இராஜாங்கமே ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். சென்னையில் முதலாளியோடு சண்டை போட்டு, "இனிமே உங்க வாசப்படி மிதிச்சா ஏன்னு கேளுங்க" என்று சவால் விட்டுவிட்டு வந்து, பாத்திரக்கடை மாடியில் கம்ப்யூட்டர் போட்டு உட்கார்ந்த மகராசன். ஒரு ஜெர்மன் பதிப்பகம் சோதனைக்கு ஒரு புத்தகம் கொடுத்தது. தேறினால் அந்தப் புத்தக வரிசை முழுவதும் இவருக்கு. தேறாவிட்டால் பழைய வாசப்படிதான்.

ஜெர்மன்காரர்கள் இரண்டு சொல்லைச் சேர்த்து ஒன்றாக எழுதுவார்கள். சேருமிடத்தில் எஃப்பும் எல்லும் வந்தால் கம்ப்யூட்டர் இரண்டையும் பின்னி ஒரே உருவமாக ஒட்டிவிடும்; ஜெர்மனில் அது தப்பு. வரப்பை வெட்டி இரண்டு வயலை ஒன்றாக்குகிற வேலை. அதைத் தடுக்க ஒரு மேக்ரோ, அதாவது தானே இயங்கும் கட்டளைத் தொகுப்பு, எழுதினார். நன்றாகத்தான் எழுதினார். அதற்கு அடித்த தம்பட்டம்தான் காது கொள்ளவில்லை.

அந்த மேக்ரோ இருந்த கோப்பின் தலையில் பக்தியாக 'உ' என்று பிள்ளையார் சுழி போட்டார். அச்சில் வரக்கூடாத வரிக்கு முன்னால் சதவீதக் குறி வைக்க வேண்டும். தினமும் எல்லோருக்கும் இதைப் பாடமெடுத்த மேதாவி, தன் சுழிக்கு வைக்க மறந்தார். ஒவ்வொரு அத்தியாயமும் அந்தக் கோப்பை அழைத்துக்கொண்டுதான் தொடங்கும். ஜெர்மன் எழுத்துருவில் தமிழ் ஏது? பிள்ளையார் வெறுங்கட்டமாக வந்து நின்றார்.

"சார், ஒவ்வொரு அத்தியாயத்துக்கு மேலயும் ஒரு கட்டம் வருதுங்க" என்றாள் பிழை பார்க்கும் பிரகதீஸ்வரி.

"எழுத்து ஒட்டுதான்னு மட்டும் பாரும்மா. கட்டமெல்லாம் அவங்க ஃபேஷன்."

அவளும் சரியென்று விட்டுவிட்டாள்.

புத்தகம் போய்ச் சேர்ந்ததும் பதிப்பகத்திலிருந்து வீடியோவில் வந்த ஜெர்மன் அம்மாள், தப்பான ஒட்டு ஒன்றுகூட இல்லை என்று மெச்சினாள். இராஜாங்கம் பிரகதீஸ்வரியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு அந்த அம்மாள், அந்தக் கட்டம் என்ன என்று கேட்டாள். இவர் ஆனைமுகத்திலிருந்து ஆரம்பித்தார். அவள் பொறுமையாகக் கேட்டாள். பக்கத்தின் தலையையே பார்க்காதவர்களிடம் வரிசையை எப்படிக் கொடுப்பது என்று சொல்லி முடித்துக்கொண்டாள்.

இப்போது இராஜாங்கம் சென்னையில், அதே முதலாளியிடம். முதல் நாள் புதுக் கோப்பைத் திறந்ததும் விரல் தானாக 'உ' போட்டது. முதலாளி பின்னால் நிற்கிறாரா என்று பார்த்தார். நின்றார். இராஜாங்கம் சுழியை அழித்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.