சேத்துக்குளத்தில் மீன் விருந்து

லூர்துவைக் கேட்டா, எண்ணூர்லயே நல்ல எடம் அந்தக் கழிவுத்தண்ணிக் கொளம்தான்னுவார். நாத்தமா? அடப் போப்பா, காசிமேட்டுல பொறந்த மூக்குக்கு அதெல்லாம் ஒரு நாத்தமா! பாதி ஆயுசு விசைப்படகுல போச்சு. முட்டி தேஞ்சதும் ஒரு தொழிற்சாலையில கழிவுத்தண்ணி பம்பு ஓட்ட வந்துட்டார். கொளத்தோரம் கணுக்கால் தண்ணிதான். அங்க செவப்புக் கால் பறவைங்க கூட்டமா சேத்தைக் குத்திக்கினு நிக்கும்.

வூட்டுல சம்சாரம் ஃபாத்திமா, வாதம் அடிச்சுப் படுக்கையில கீறா. மனுஷன் தினம் சங்கரா மீனு, எறான்னு வாங்கியாந்து சோத்துல பெசஞ்சு ஊட்டுவார். அவ மூஞ்சியைத் திருப்பிக்குவா. பறவைக் கதையை எடுத்தா மட்டும் வாய் தெறக்கும்.

"அந்த செவப்புக் கால் சண்டைக்காரி வந்தாளா இன்னிக்கு?"

கதை ஓடுற வரைக்கும் நாலு வாய் உள்ள போவும். அவ உசுரே அந்தப் பறவைங்களாலதான் நிக்குதுன்னு லூர்து நம்பினார்.

அதுங்களுக்கு ஒரு விருந்து வைக்கணும்னு ஆசை வந்துச்சு. மீன்காரன் விருந்துன்னா வேற இன்னா வைப்பான்? ஏலத்துல கழிச்சுப்போட்ட பொடிமீனைப் பை நெறைய கொண்டாந்து கரையில கொட்டினார். அட மனுஷா! அதுங்க தேடுறது சேத்துக்குள்ள நெளியுற புழுவை. மீனை ஒண்ணுகூடத் தொடல. காக்கா வந்துச்சு, பருந்து வந்துச்சு, பின்னாலயே தெருநாய்ங்க. செவப்புக் கால் மொத்தமும் பறந்துபோச்சு. மறுநாளும் வரல.

சாயங்காலம் பொய்க்கதை ஒண்ணு கட்டிக்கினே சங்கராவைப் பிச்சு ஊட்டப் போனார். ரெண்டாவது வாய்க்கே ஃபாத்திமா உதட்டை மூடிக்கினா.

"பொய் சொல்றய்யா நீ."

லூர்து ஒடஞ்சு போயிட்டார். "நாந்தான் ஃபாத்தி தொரத்திட்டேன். பாசமாத்தான் மீன் போட்டேன், இப்டி ஆயிடுச்சு" என்று நடந்ததையெல்லாம் கொட்டினார். கண்ணுல தண்ணி நிக்கல.

கேட்டுக்கினே இருந்தவளுக்கு அரை வாயில சிரிப்பு வந்துச்சு.

"என்கிட்டயும் அதத்தானே பண்ற. தொண்டையில எறங்க மாட்டேங்குதுய்யா. கஞ்சி போதும்னா, நீ மீனைத் திணிக்கிற."

அவ முன்னாடியே சொல்லிக்கினுதான் இருந்தா பாவம். சங்கரா போட்டாத்தான் தெம்புன்னு இவர்தான் காதுலயே வாங்கல. லூர்து தட்டை ஓரமா வச்சுட்டு எழுந்தார். அரிசியைக் கொழைய வேகவிட்டு, ஒரு கல் உப்பு போட்டுக் கரைச்சு, தம்ளர்ல ஆத்தி எடுத்தாந்தார்.

"கரையில மிச்சம் கெடக்குற மீனை நாளைக்கு வாரிப் போட்டுடு. அதுங்க வரும்" என்றாள் ஃபாத்திமா.

தம்ளர் காலியாச்சு. அன்னிக்கு அவளுக்குக் கதையே தேவைப்படல.