ஒரே எண்ணில் ஆறு பேர்

கொரோனா ஓய்ந்த மறு வருடம், கள்ளக்குறிச்சியில் என் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, நான் பார்த்தே இராத ஒரு பெண்ணை ஏமாற்றுக்காரி என்று இருநூறு பேர் படிக்கும்படி எழுதினேன். அது பொய். பொய்யென்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இருபது ஆண்டுகளுக்கு முன் மாணவர்களுக்குச் செய்து காட்டுவதற்காக ஒரு தாய விளையாட்டை எழுதினேன். நான்கு பேர் நான்கு ஊரில் இருந்தபடி இணையத்தில் தாயம் போட்டு, காயை வெட்டி, பழம் ஏற்றலாம். பிறகு அதைச் செல்போனுக்கும் கொண்டுவந்தேன். பழைய மாணவர்கள், அவர்கள் வீட்டார், தெரிந்தவர்கள் என்று ஒரு கூட்டம் சேர்ந்தது. வாட்ஸ்அப் குழுவும் உண்டு. பொங்கலுக்குப் போட்டி வைப்போம். பரிசு ஓர் எவர்சில்வர் குடம்.

அந்த வருடம் கல்வராயன் மலையில் கரியாலூரைச் சேர்ந்த ஒரு பெண் ஜெயித்தார். தோற்றவர்களில் ஒருவர் சந்தேகம் கிளப்பினார். நான் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். இணையத்துக்கு வரும் ஒவ்வொரு போனும் ஒரு முகவரி எண்ணோடு வரும். கரியாலூர் என்று போட்டுக்கொண்ட பெயர்கள் ஆறு. ஆறும் ஒரே எண்ணிலிருந்து வந்திருந்தன. ஆறும் தினமும் மதியம் இரண்டரை மணிக்கு வந்து மூன்றரைக்குப் போய்விடுகின்றன. வேறு நேரத்தில் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. ஒரே ஆள் ஆறு பெயரில் உட்கார்ந்து, தன் காய்களைத் தானே வெட்டக் கொடுத்து ஜெயித்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அந்த எண்ணையே தடை செய்தேன். குழுவில் அவர் பெயரைப் போட்டு எழுதினேன். குடம் இரண்டாவதாக வந்தவருக்குப் போயிற்று.

அன்று மாலையே அவர் போன் செய்தார். “சார், நாங்க மெய்யாலுமே ஆறு பேரு சார்.”

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா” என்று வைத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துக் கச்சிராயபாளையத்தில் உறவினர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் பஸ்ஸில் போனேன். வழியில் கரும்பு டிராக்டர் ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. பொழுது போகாமல் போனில் என் விளையாட்டைத் திறந்தேன். ‘முறைகேடு காரணமாக உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று வந்தது. நானே எழுதி வைத்த வாசகம். முதலில் சிரித்துவிட்டேன். பிறகு என் போன் எந்த எண்ணில் போகிறது என்று பார்த்தேன். கரியாலூர்ப் பெண்ணுக்கு நான் தடை போட்ட அதே எண்! வீட்டில் எப்போதும் கேபிள் இணைப்பிலேயே விளையாடியதால் இது என் கண்ணில் படவே இல்லை.

விழாவில் தலையைக் காட்டிவிட்டுத் திரும்பினேன். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் படித்தேன். பழைய முறை முகவரிகள் உலகத்தில் உள்ள போன்களுக்குப் போதவில்லை. அதனால் செல்போன் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானவர்களை ஒரே எண்ணின் கீழ் ஒண்டுக்குடித்தனம் வைத்திருக்கின்றன. வளவில் எத்தனை குடும்பம் இருந்தாலும் வாசலில் கதவு எண் ஒன்றுதானே. புதுமுறை முகவரி வந்து பல வருடமாகிவிட்டது. அதில் ஆளுக்கொரு கதவு எண் கொடுத்தாலும் மிச்சமிருக்கும். மலையில் இருந்த போன்களுக்கும் அது இருந்தது. என் விளையாட்டுக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை. அதனால் அவர்கள் பொது வாசல் வழியாகவே என்னிடம் வந்திருக்கிறார்கள்.

படித்து முடித்த மறுநாளே தடையை நீக்கிவிட்டு, புதுக் குடம் ஒன்று வாங்கிக்கொண்டு மலை பஸ் ஏறினேன்.

ஜெயித்த அந்தப் பெண் பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர். நாற்பது வயது இருக்கும். பள்ளிக்குப் பின்னால் ஒரு பாறையைக் காட்டினார்கள். ஆறு பெண்கள் அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஊரில் நெட் நன்றாகக் கிடைப்பது அங்கே மட்டும்தானாம். பாத்திரம் கழுவி முடித்து, மூன்றரைக்குப் பிள்ளைகள் வெளியே வரும்வரை அவர்களுக்கு ஓய்வு. நான் கண்டுபிடித்த ‘சதி’யின் நேரக் கணக்கு அதுதான்.

நான் யாரென்று சொன்னதும் ஒருவர் எழுந்து நின்றார். “வாங்க சார். எண்ணிப் பாருங்க, நாங்க எத்தினி பேரு?”

“ஆறு” என்றேன்.

“கம்ப்யூட்டரு இல்லாமயே எண்ணிட்டாரும்மா!” என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். அமைப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை.

குடத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. “கொடம்லாம் வூட்லயே இருக்குது சார். நீங்க எழுதினத யாரோ ஊரு முழுக்க அனுப்பிட்டாங்க. இல்லாத ஆளுங்க பேர்ல ஆடினவ, இல்லாத புள்ளைங்க பேர்ல முட்டை எழுத மாட்டாளான்னு பேசிக்கினு இருந்தாங்க. அப்பறம் ஆபீசுக்கு மொட்டைக் கடுதாசி போச்சு. ரெண்டு பேரு வந்து, புள்ளைங்கள வரிசையா நிக்க வெச்சு, முட்டைய எண்ணினாங்க சார்.”

“கணக்கு சரியா இருந்துச்சாம்மா?” என்று கேட்டுவிட்டேன். இத்தனைக்குப் பிறகும் என் வாயில் வந்த கேள்வி அது.

“சரியாத்தான் இருந்துச்சு. எண்ணினாங்களே, அதான் பேச்சு” என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். எங்கே எழுதினேனோ அங்கேயே அதை எழுதச் சொன்னார். தலைமை ஆசிரியருக்கும் ஒரு கடிதம் கேட்டார். இரண்டையும் அந்தப் பாறையில் உட்கார்ந்தே எழுதினேன். ‘தவறு நேர்ந்துவிட்டது’ என்று தொடங்கியதைப் படித்துவிட்டு, “தானா நேர்ந்துச்சா சார்?” என்று கேட்டார். அடித்துவிட்டு, ‘நான் தவறு செய்தேன்’ என்று மாற்றினேன்.

பிறகு விளையாட்டைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். இருபது வருடத்துக்கு முன் நான் எழுதியதை நானே புரிந்துகொள்ள ஒரு மாதம் பிடித்தது. புது முகவரியில் வருகிறவர்களை வரவேற்கும்படி மாற்றி முடித்ததும் கரியாலூருக்குப் போன் செய்தேன். ஆறு பேரும் பாறைமேல் ஏறி விளையாட்டைத் திறந்தார்கள்.

“இப்ப எத்தினி பேரு தெரியறோம் சார்?”

திரையில் பார்த்தேன். மறுபடியும் ஆறு பெயருக்கும் ஒரே முகவரி! பழைய முகவரி பதினைந்து எழுத்துக்குள் அடங்கும் என்பதால், அதைக் குறித்துவைக்கப் பதினைந்து எழுத்துக்குத்தான் இடம் விட்டிருந்தேன். புது முகவரி அதைவிட நீளம். பின்பாதியை என் விளையாட்டு வெட்டி எறிந்திருக்கிறது. மிஞ்சிய முன்பாதி அந்தப் பக்கத்துப் போன்களுக்கெல்லாம் ஒன்றாகவே இருந்தது.

“இன்னா சார், மறுபடியும் ஒண்ணா?”

“தப்பு என்னுதும்மா. ரெண்டு நாள் குடுங்க” என்றேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

இரண்டு நாளில் ஆறு பெயருக்கும் ஆறு முகவரி வந்தது. எண்ணைப் பார்த்து ஆளைத் தடை செய்யும் பகுதியையும் எடுத்துவிட்டேன். சந்தேகம் வந்தால் இப்போது போன் செய்து கேட்கிறேன்.

அதன் பிறகு இரண்டரை மணிக்கு மலையிலிருந்து ஐந்து பெயர்கள் தவறாமல் வருகின்றன. ஆறாவது பெயர், அமைப்பாளருடையது, நாங்கள் சரிபார்த்த அந்த நாளோடு சரி. போன பொங்கலுக்கு முன் துணிந்து போன் செய்து, ஏன் ஆட வருவதில்லை என்று கேட்டேன்.

“கோவம்லாம் இல்ல சார். தாயம் நல்லா வுழுந்தா முன்னெல்லாம் சந்தோசமா இருக்கும். இப்ப யாரு பாக்கறாங்களோன்னு இருக்குது” என்றார்.

விளையாட்டில் இருந்த பிழைகளை என்னால் திருத்த முடிந்தது, ஆனால் நல்ல தாயம் விழும்போது ஒரு மனுஷிக்கு வந்துகொண்டிருந்த சந்தோஷத்தை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன், அதைத் திருப்பிக் கொடுக்கும் வழி எனக்கு இன்றுவரை தெரியவில்லை.