ஜோடிக்குத் தனிக் குடம்

பழவேற்காட்டிலிருந்து லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போகும் பாதையை விட்டு ஏரிப் பக்கம் இறங்கினால் பதினெட்டு வீடுகள் வரும். அவற்றில் ஒன்றில்கூடப் படகு கிடையாது, வலையும் கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிறவர்களின் வீடுகள் அவை. அங்கே ராஜேந்திரனுக்கும் வசந்தாவுக்கும் பிறந்த ஜமுனா ஏழு வயதில் தன் முதல் இறாலைப் பிடித்தாள். இருபத்தாறு வயதில் சென்னையில் இயற்பியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். இரண்டுக்கும் நடுவே திருப்பாலைவனம் பள்ளிக்கூடத்துக்குப் போன பஸ், பொன்னேரியில் கல்லூரி, ஈரப் பாவாடையோடு வகுப்புக்கு ஓடிய நாட்கள் என்று நிறைய இருக்கின்றன. அதையெல்லாம் யாராவது கேட்டால் "பஸ் கிடைச்சுது, போனேன்" என்பதோடு முடித்துக்கொள்வாள்.

என்ன ஆராய்ச்சி என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருந்தாள். பக்கத்து வீட்டு அம்மணிக்கு "சயின்ஸ்". கல்யாணத் தரகருக்கு "இன்னும் முடியல". அம்மா வசந்தாவுக்குத்தான் அந்த மாதிரிப் பதில்கள் செல்லவில்லை.

"இன்னாதான்டி படிக்கிற? நாலு வருசமா கம்ப்யூட்டரையே மொறச்சிகினு கீற. எனக்குப் புரியறாப்பல சொல்லேன்."

இறால் உரித்துக்கொண்டே சொன்னாள் ஜமுனா. "ஒரு அணு கீதுன்னு வச்சிக்கோ. அதுக்குள்ள எலக்ட்ரான்னு சின்னச் சின்னதா சுத்திகினு இருக்கும். சில அணுவுகிட்ட இருந்து அதுல ஏழு எட்டை நாங்க உருவிடுவோம். அதுக்குப் பேரு அயனி. அது வெறி புடிச்சாப்ல பறக்கும். வழியில சும்மா இருக்குற வேற அணுவைத் தாண்டிப் போவும்போது அதுகிட்ட இருந்து எலக்ட்ரானை இழுத்துக்கும். மோதணும்னுகூட இல்ல. கொஞ்ச தூரத்துல போனாலே போதும்."

"அப்ப அது திருடன்."

"திருடன் இல்லம்மா. இல்லாதது."

"இல்லாதவன் புடுங்கினா ஊர்ல திருடன்னுதான் சொல்வாங்க" என்றாள் வசந்தா. "சரி, அத்த நீ எப்பிடிப் பார்ப்ப?"

பார்ப்பதில்லை, கணக்குப் போடுகிறேன் என்றாள் ஜமுனா. வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் எட்டு எலக்ட்ரானை இழந்த ஆர்கான் அயனிகளை நியான் வாயுவுக்குள் செலுத்துகிறார்கள். வெளியே வருகிறவற்றை மின்புலத்தால் வளைத்தால், எலக்ட்ரான் எதையும் பிடிக்காதது ஓரிடத்திலும் ஒன்றைப் பிடித்தது வேறிடத்திலும் போய் விழும். அவர்கள் அதை எண்ணுகிறார்கள். ஜமுனா அதே காரியத்தைக் கம்ப்யூட்டருக்குள் செய்தாள். அயனியை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு தூரத்தில் விடுவது, எலக்ட்ரான் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நிற்பது, இப்படி லட்சக்கணக்கான தடவை ஓட்டி எத்தனை முறை பிடிபட்டது என்று பார்ப்பது. அவள் எண்ணிக்கையும் அவர்கள் எண்ணிக்கையும் ஒத்துப்போனால் அவள் முறை சரி.

ஒத்துப்போகவில்லை. அதுதான் இந்தத் தை மாதத்தில் அவளுடைய தலைவலி. ஒற்றை எலக்ட்ரானைப் பிடித்து வெளியே வரும் அயனிகள் ஆய்வுக்கூடத்தில் நூறு என்றால் ஜமுனாவின் கணக்கில் எழுபத்தைந்துதான் வந்தது. அயனி மெதுவாகப் போகப் போக இடைவெளி இன்னும் கூடியது. அவளுடைய ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுவதும் இதை நம்பித்தான் நின்றது. வழிகாட்டியான பேராசிரியர் சாமுண்டீஸ்வரி வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் முடிவெடுத்துவிட்டார் என்று பொருள்.

"திங்கட்கிழமைக்குள்ள ஏன் குறையுதுன்னு சொல்லு. இல்லன்னா மூணாம் அத்தியாயத்தை எடுத்துடலாம். எடுத்துட்டா மீதியை மட்டும் வச்சு சமர்ப்பிக்க முடியாது, இன்னொரு வருஷம் ஆகும். உனக்கே தெரியும்."

ஜமுனாவுக்குத் தெரியும். இன்னொரு வருஷம் என்பது இன்னொரு வருஷத்தோடு நிற்காது என்பதும் தெரியும். சனிக்கிழமை முழுதும் நிரலை வரிவரியாகப் படித்தாள். தப்பு அகப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக்கு வந்த பெண் சும்மா உட்கார்ந்திருந்தால் பார்ப்பவர்கள் ஏதாவது சொல்வார்கள் என்று அம்மாவோடு ஏரியில் இறங்கினாள்.

கையால் பிடிப்பதில் பேச்சு குறைவு. குத்துக்காலிட்டு நகர்ந்துகொண்டே இரண்டு கைகளையும் சேற்றில் பரப்பி வைக்க வேண்டும். விரலில் ஏதாவது உரசினால் அழுத்தக்கூடாது, மேலிருந்து மூட வேண்டும். இறால் பின்பக்கமாகத்தான் துள்ளும் என்பதால் பின்னால் இருக்கிற கைதான் பிடிக்கிற கை. நண்டு என்றால் கொடுக்குக்குப் பின்னால் முதுகைப் பிடிக்க வேண்டும். இடுப்பில் கட்டிய கயிற்றின் நுனியில் ஓர் அலுமினியத் தேக்சா மிதந்துகொண்டே கூட வரும். பிடித்தது எல்லாம் அதில் போகும்.

ஜோடி நண்டு மட்டும் அதில் போகாது. மேல்தோட்டை உரிக்கப்போகும் பெட்டை நண்டைக் கடுவன் காலுக்கடியில் இடுக்கிக்கொண்டு நாள்கணக்கில் திரியும். கையில் அகப்பட்டால் இரண்டும் சேர்ந்தேதான் அகப்படும். பொதுத் தேக்சாவில் போட்டால் கடுவன் மற்ற நண்டுகளின் காலையெல்லாம் ஒடித்துப் போடும். பெட்டையோ மெத்தென்று இருக்கும், வியாபாரி தண்ணி நண்டு என்று ஒதுக்கிவிடுவான். அதனால் ஜோடிக்கென்று வசந்தா ஒரு பிளாஸ்டிக் குடம் வைத்திருந்தாள். அதுவும் கயிற்றில் மிதந்தே வரும், மூடி கிடையாது, ஒரு துணிதான். ஜோடியை அன்றைய பிடிப்பில் சேர்ப்பதும் கிடையாது. இத்தனை பிடித்தோம் என்று சொல்லும்போது குடத்தில் இருப்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஜமுனாவுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

அன்று வசந்தா ஒரு ஜோடியைப் பிடித்துக் குடத்தில் போட்டாள். பத்து மணிக்குக் கரையேறினார்கள். லைட்ஹவுஸ் குப்பத்து வியாபாரி திருவேங்கடம் தராசோடு வந்து நின்றிருந்தார்.

"இன்னா வசந்தா, டாக்டரம்மாவைச் சேத்துல எறக்கிட்ட?"

"டாக்டர் ஆவட்டும், அப்பால கரையில குந்த வைக்கிறேன். நீ நண்டைப் பாருய்யா."

நண்டுகளைத் தட்டில் கொட்டினாள் வசந்தா. பிறகு குடத்தின் துணியை விலக்கிப் பார்த்தாள். கடுவன் மட்டும்தான் இருந்தது. பெட்டை துணியைத் தள்ளிக்கொண்டு வழியிலேயே தண்ணீருக்குள் போய்விட்டது. வசந்தா அலட்டிக்கொள்ளாமல் கடுவனை எடுத்து மற்ற நண்டுகளோடு தட்டில் போட்டாள். திருவேங்கடமும் அதைச் சேர்த்தே நிறுத்தார். ஜமுனா பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்தாள். ஆயிரம் தடவை பார்த்த காட்சி என்பதால் அவள் கண்ணில் அது படவே இல்லை.

அப்போதுதான் கரையில் கிடந்த பைக்குள் போன் அடித்தது. ஆய்வகத்தில் அவளுக்கு ஜூனியரான வித்யா. ஞாயிற்றுக்கிழமையும் ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்கும் ஜாதி.

"அக்கா, உங்க நிரலை நானும் ஒருவாட்டி ஓட்டிப் பார்த்தேன். ஒற்றைப் பிடிப்பு சரியாத்தான் எண்ணுது. ஆனா இன்னொரு ஃபோல்டர் இருக்கே, 'ஜோடி'ன்னு. அது என்னக்கா, லவ் லெட்டரா?"

"ஐயோ, அது ரெண்டு எலக்ட்ரானையும் ஒரே நேரத்துல பிடிக்கிற கேஸ். தனியாப் போட்டு வச்சிருக்கேன். நம்ம கணக்குல அது வராது."

"ஏன் வராது?"

"ஒண்ணு பிடிச்சதைத்தானே எண்ணுறோம். ரெண்டு பிடிச்சது வேற."

"சரிதான். ஆனா அக்கா, ஆய்வுக்கூடத்துல ரெண்டு எலக்ட்ரானோட வெளிய வந்தது ரொம்பக் கொஞ்சம்னு போட்டிருக்காங்க. உங்க ஃபோல்டர்ல ஏகப்பட்டது இருக்கு. அப்ப அந்த ஜோடியெல்லாம் எங்க போச்சு?"

"எங்க போகும்? பாதி வழியில ஒண்ணு ஓடிடும், இன்னொண்ணைத் தட்டுல..."

ஜமுனா திரும்பிப் பார்த்தாள். திருவேங்கடத்தின் தட்டில் அந்தக் கடுவன் மற்ற நண்டுகளுக்கு நடுவே கொடுக்கைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எது தனியாகப் பிடிபட்டது, எது ஜோடியாகப் பிடிபட்டது என்று தராசுக்குத் தெரியாது.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். வித்யா, நான் ஒரு மடச்சி."

அவளுக்குத் தெரியாத விஷயம் அல்ல. முதல் வருஷத்திலேயே படித்தது, பரீட்சையில் படம் போட்டு எழுதியது. இரண்டு எலக்ட்ரான்களை ஒரேயடியாக இழுத்துக்கொள்ளும் அயனி அவற்றை அடித்தட்டில் வைப்பதில்லை. இரண்டும் வெகு உயரத்தில், வெளிவட்டத்தில் தொற்றிக்கொண்டிருக்கும். அந்த நிலை நீடிக்காது. ஒன்று கீழே இறங்கும்போது விடுகிற ஆற்றல் மற்றதைத் தூக்கி வெளியே எறிந்துவிடும். அயனி உணர்கருவிக்குப் போய்ச் சேரும்போது அதனிடம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும். ஆய்வுக்கூடத்தார் அதையும் ஒன்று பிடித்ததாகவே எண்ணுவார்கள், அவர்களுக்குக் கரையில் வந்ததுதான் கணக்கு. ஜமுனா மட்டும் நாலு வருஷத்துக்கு முன்பு, நிரல் எழுதத் தொடங்கிய முதல் வாரத்தில், யோசிக்காமல் ஜோடிக்கு ஒரு தனிக் குடம் வைத்தாள். அதன் துணியை விலக்கிப் பார்க்கவே இல்லை.

"எம்மா, நான் வூட்டுக்குப் போறேன்!"

"தேக்சாவை யாருடி கழுவறது?" என்று வசந்தா கத்தியது கேட்டது. அதற்குள் ஜமுனா பாதி தூரம் போயிருந்தாள்.

சேற்றுக் காலோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஜோடிக் கோப்பிலிருந்த ஒவ்வொரு நிகழ்விலும் இரண்டு எலக்ட்ரான்களும் எந்த உயரத்தில் தங்கின என்று எடுத்து, எத்தனையில் ஒன்று எறியப்படும், எத்தனையில் இரண்டுமே ஒளியை விட்டுக் கீழே இறங்கித் தங்கிவிடும் என்று பிரிக்க வேண்டும். அதற்கான அட்டவணைகள் கைவசம் இருந்தன. நடுவில் அப்பா ராஜேந்திரன் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, யாராவது எதுனா சொன்னாங்களா?"

"இல்ல நைனா. தொலைஞ்சது கெடைக்குமான்னு பாக்குறேன்."

அவர் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

நாலு மணிக்குப் புதிய கோடு திரையில் வந்தது. பதினொரு புள்ளிகளில் ஒன்பதில் ஆய்வுக்கூடத்தின் அளவோடு, அவர்கள் போட்டிருந்த பிழை எல்லைக்குள், வந்து உட்கார்ந்தது. மிக மெதுவாகப் போகும் அயனிகளுக்கான கடைசி இரண்டு புள்ளிகள் மட்டும் இன்னும் கீழேயே நின்றன. ஜமுனா அந்த இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் அம்மா மூடி வைத்திருந்த சோற்றை நின்றபடியே சாப்பிட்டாள்.

"கெடச்சுதா?" என்றாள் வசந்தா.

"முக்காவாசி. நீ அந்த ஒத்தக் கடுவனைத் தட்டுல போட்ட பாரு, அத்த நான் நாலு வருசமா போடாம வுட்டுட்டேன்."

வசந்தா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "தட்டுல போடாம பின்ன இன்னாடி பண்ணுவ? கொஞ்சுவியா?"

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் சென்னை கிளம்பினாள். வித்யாவுக்கென்று வசந்தா நண்டு வறுவல் கட்டிக் கொடுத்திருந்தாள். எல்லாம் ஒற்றை நண்டு. சாமுண்டீஸ்வரி படத்தை வாங்கிப் பார்த்தார். பத்து நிமிஷம் திட்டினார். முதல் வருஷப் பிள்ளைக்குத் தெரிந்தது ஐந்தாம் வருஷம் மறந்துபோகுமா, தான் எழுதிய கோப்பைத் தானே திறந்து பார்க்காத ஆள் எந்த ஊரில் உண்டு என்று. ஜமுனா தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள், அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கண்ணாடி பேராசிரியரின் மூக்கின்மேலேயே இருந்தது.

"இந்த ரெண்டு புள்ளி?"

"அது ஏன்னு இன்னும் தெரியல மேடம். மெதுவாப் போகும்போது ரெண்டுக்கு மேலயும் பிடிக்குமோன்னு சந்தேகமா இருக்கு. மூணு எலக்ட்ரானை வச்சு ஓட்டிப் பார்க்கணும்."

"தெரியலன்னு அத்தியாயத்திலேயே எழுதிடு. மூணு வச்சு ஓட்டுறது சமர்ப்பிச்சதுக்கு அப்புறம். பங்குனிக்குள்ள மூணாம் அத்தியாயம் என் மேசைக்கு வரணும்." பென்சிலால் படத்தின் மூலையில் தேதி போட்டார். பிறகு மூக்கை உறிஞ்சினார். "என்ன வாசனை அது?"

வித்யா பாத்திரத்தை மேசைக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தாள். நேரம் கடந்துவிட்டது.