மீன் பெட்டி இல்லைங்க, புரதம்

இன்று ஆராய்ச்சிக்கான புரதத்தை ஐஸ் பெட்டியில் வைத்து, கொழும்பிலிருந்து இரத்தினபுரி ஆய்வுகூடத்துக்கு பஸ்ஸில் கொண்டுவந்தேன். சூடுபட்டால் எல்லாம் வீண்.

கண்டக்டர், "மிஸ், பெட்டிய இஞ்சின் பக்கத்துல வைங்க" என்றார்.

முடியாது என்று மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

எஹலியகொடயில் ஒரு தேயிலைத் தோட்டத்து அக்கா ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பெட்டியில மீனா, தங்கச்சி? நான் விரதம்."

"மீன் இல்லைங்க அக்கா, மனுசப் புரதம்."

சட்டென்று எழுந்துவிட்டார்.

"ஐயோ, மனுசங்ககிட்ட எடுக்கலைங்க! மனுச ஜீனைக் கிருமிக்குள்ள வச்சா, அது இந்தப் புரதத்தச் செஞ்சு குடுக்கும்."

"கிருமியா?"

முன் சீட்டும் காலியானது.

ஐஸ் உருகுமுன் கொண்டுசேர்த்துவிட்டேன். அடுத்த வாரம் இன்னொரு பெட்டி. அப்போதும் மீன் என்று பொய் சொல்லமாட்டேன்.

பஸ்ஸில் சீட் கிடைக்காதவர்கள் என்னோடு வரலாம்.