அக்கா கூப்பிட்ட லத்தீன் பெரட்டு

மலேசியாவில் கோப்பெங்கை அடுத்த ரப்பர் தோட்டம் ஒன்றில், பால் வெட்டும் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தவர் எங்கள் அக்கா. அப்பா இளவயதிலேயே இறைவனடி சேர்ந்ததும் பள்ளியை விட்டுவிட்டு அம்மாவோடு வெட்டுக்குப் போனார். தோட்டம் கைமாறி, ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்டபின் ஈப்போவுக்குக் குடிபெயர்ந்து, தொழிற்சாலையில் உழைத்து என்னைப் படிக்க வைத்தார். நான் இன்று சட்டை மடிப்புக் கலையாமல் அலுவலகம் போய் வருவது அவர் போட்ட பிச்சை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, பெருமைதான்.

தேவாலயப் பாடகர் குழுவில் அக்காவின் குரல் இல்லாமல் பெருவிழா நடந்ததில்லை. லத்தீன் பாடல்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு காலமெல்லாம் பாடினார். பொருள் மட்டும் தெரியாது. சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் தொடங்கிய பிறகு அந்தக் குறை அவரை அரிக்கத் தொடங்கியது.

“சாமி முன்னால நின்னு என்னா பாடுறேன்னே தெரியாம போயிருவேன் போல தம்பி. வெக்கமா இருக்கு லா,” என்றார்.

பங்கு மண்டபத்தில் சனிக்கிழமைகளில் நடந்த லத்தீன் வகுப்பில் போய்ச் சேர்ந்தும் விட்டார். மச்சானுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, இது துளியும் பிடிக்கவில்லை. “ஒடம்பு இருக்கிற இருப்புல இது தேவையா? யாருமே பேசாத பாசை! ரெஸ்ட் எடு லா,” என்று சத்தம் போட்டார். அது கோபமல்ல, பயம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆண்பால், பெண்பால் சொற்களைத் தாண்டிய அக்கா, இரண்டிலும் சேராத நியூட்டர் சொற்களில் மாட்டிக்கொண்டார். கோயில் என்று பொருள்படும் ‘டெம்ப்ளும்’ என்ற ஒரே சொல், வாக்கியத்தில் தான் செய்யும் வேலைக்கு ஏற்ப விகுதியை மாற்றிக்கொண்டே போகும். மருந்துக் களைப்பில் அவருக்கு எதுவும் மனத்தில் நிற்கவில்லை. அப்போதுதான் தோட்டத்துப் பெரட்டு அவர் நினைவுக்கு வந்தது.

பெரட்டில் விடியுமுன் கங்காணி பெயர் கூப்பிடுவார். ஆட்கள் வரிசையாகப் பதில் கொடுக்க வேண்டும். ஆள் வராத மர நிரையைச் சும்மா விடமாட்டார்கள். வந்தவர்களில் ஒருவர் அந்த மரங்களையும் சேர்த்து வெட்டுவார். அதே முறையில் அக்கா விகுதிகளை எங்களுக்குப் பங்கு போட்டார். எனக்கு ‘உம்’, நியூட்டரில் அது இரண்டு இடத்தில் வருவதால் எனக்கு இரட்டை வேலை. அக்காவின் மகளுக்கு ‘ஈ’, என் மனைவிக்கு ‘ஓ’, அவருக்கும் இரட்டை வேலைதான். பன்மையும் இப்படியே பிரிந்தது. எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும் ‘ஈஸ்’ அக்காவுக்கு. சமையலறையிலிருந்து “டெம்ப்ளும்!” என்று குரல் வந்தால், எந்த மூலையில் இருந்தாலும் பதில் கொடுத்தாக வேண்டும். மச்சான் மட்டும் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

வகுப்பின் முடிவில் வாய்மொழிச் சோதனை. துணைக்குப் போன நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ஆசிரியையான சீனப் பெண்மணி “டெம்ப்ளும்” என்றதுதான் தாமதம், பழக்கதோஷத்தில் நான் “உம்!” என்று கத்திவிட்டேன். அக்காவின் மகள் விடுவாளா? “ஈ!” என்றாள். என் மனைவியும் “ஓ!” என்றார். மண்டபமே சிரித்தது. ஆன்ட்டி தனியாகத்தான் சொல்ல வேண்டும் என்று ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அக்கா திரும்பி எங்களை ஒரு முறை முறைத்தார். பிறகு எழுந்து நின்று, என் பங்கு, மகள் பங்கு என்று எல்லார் பங்கையும் தடுமாறாமல் தாமே சொல்லி முடித்தார். என் பட்டமளிப்பு விழாவில்கூட எனக்கு நெஞ்சு அப்படி நிமிர்ந்ததில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்தவர், “இன்னிக்குத்தான் தம்பி, தெரிஞ்சு பாடுனேன்,” என்றார். அவர் முகத்தில் அத்தனை நிறைவு. சில மாதங்களில் இறைவன் அவரை அழைத்துக்கொண்டார்.

அக்காவை அன்போடு கவனித்த டயாலிசிஸ் மையத்துத் தாதியர், பாடகர் குழுவினர், லத்தீன் ஆசிரியை, சித்தியவானிலிருந்து வந்து அடுப்பையும் அழுகையையும் பகிர்ந்துகொண்ட சொந்தங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மச்சானுக்கு மட்டும் நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

நல்லடக்கம் முடிந்து வீடு திரும்பிச் சாப்பிட உட்கார்ந்தோம். திடீரென்று அக்காவின் மகள் அழுதுகொண்டே, “டெம்ப்ளும்,” என்றாள். நான் “உம்” என்றேன். ஒவ்வொருவராகப் பதில் கொடுத்துக்கொண்டே போய், கடைசியில் அக்காவின் இடத்துக்கு வந்து நின்றோம்.

“ஈஸ்!” என்றார் மச்சான், பெரட்டில் பதில் கொடுப்பவரைப் போல, தலையை நிமிர்த்தி, சத்தமாக.