ஜோத்பூருக்கு வீடு மாற்றிய அக்கா

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அக்காவின் ஒரே தங்கையாகிய என் வணக்கம். "சித்தி, நீங்க நாலு வரி எழுதிக் குடுங்க, போதும்" என்று அக்கா மகன் சரவணன் கேட்டான். நாலு வரியில் அடங்குகிறவராக அக்கா இருந்திருந்தால் எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்திருக்கும். பணியிலிருந்து ஓய்வு பெறும்வரை பிள்ளைகளின் கட்டுரைகளைக் குறை சொல்லித் திருத்தியவள் நான். என் கட்டுரை நீண்டுபோனால் நீங்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அக்கா பிறந்தது கேத்திப் பள்ளத்தாக்கில். எங்கள் முன்னோர் காரமடைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள். அப்பா குத்தகை நிலத்தில் கேரட்டும் முட்டைக்கோசும் போட்டார். மழை கூடினால் கேரட் அழுகும். பனி கூடினால் உருளைக்கிழங்குச் செடி கருகும். இரண்டும் இல்லாத வருடம் மண்டியில் விலை இருக்காது. அப்படிப்பட்ட வீட்டில் மூத்த பெண்ணாகப் பிறந்தவர் அக்கா. நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா காலமாகிவிட்டார். பன்னிரண்டு வயதில் அக்காவின் பள்ளிப் படிப்பு நின்றது. காலையில் அடுப்பு, பகலில் தோட்டம், இடுப்பில் நான். நான் முதன்முதலில் பேசிய சொல் "அக்கா" என்று பெரியவர்கள் சொல்வார்கள். வேறு யாரைக் கூப்பிட எனக்குத் தெரிந்திருக்கப் போகிறது?

"படிக்காம போயிட்டமேன்னு வருத்தமுங்களா அக்கா?" என்று வளர்ந்த பிறகு ஒருமுறை கேட்டேன். "மார்கழித் தண்ணியில கேரட் கழுவுனவளுக்குத்தான் தெரியும், பள்ளிக்கூடம் எத்தன சொகம்னு" என்றார்.

அக்கா கல்யாணமாகிக் குன்னூருக்குப் போனார். மாமா அங்கே மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தார். குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர். சில வருடங்களில் அப்பாவும் தவறிவிட, பத்து வயதில் ஒரு துணிப்பையோடு நான் அவர்கள் வீட்டில் போய்ச் சேர்ந்தேன். மாமா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் ஒண்ட வந்தவள் என்ற நினைப்பு எனக்குள் இருந்துகொண்டேதான் இருந்தது. கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்தாலும் எதையும் கேட்கமாட்டேன்.

குன்னூரில்தான் அக்கா உல்லன் நூலில் ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்டார். பக்கத்து வீட்டு டீச்சர் சொல்லிக்கொடுத்தார். அக்காவின் கைக்கு அது சீக்கிரமே வசப்பட்டது. எஸ்டேட் அதிகாரிகள் வீட்டிலிருந்தெல்லாம் பின்னித் தரச் சொல்லி ஆள் வரும். அக்காவிடம் ஒரு பிடிவாதம் உண்டு. அளவு நாடா தொடமாட்டார். பின்னிய துண்டை ஆளின் மேல் வைத்துப் பார்ப்பார், பிறகு பின்னுவார், மறுபடியும் வைத்துப் பார்ப்பார். வெளியூரில் இருக்கும் மகனுக்கு வேண்டும் என்று யாராவது கேட்டால், "ஆளக் காட்டாம ஸ்வெட்டர் கேட்டா எப்புடீங்க? வந்தப்பறம் கூட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். இதனால் போன வாடிக்கை கொஞ்சமில்லை.

நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தபோது மாமாவுக்கு ஜோத்பூருக்கு மாற்றல் வந்தது. மலையை விட்டு எங்கே போனாலும் "கீழே போறோம்" என்று சொல்கிற ஊர் நம்முடையது. மேட்டுப்பாளையமும் கீழேதான், சென்னையும் கீழேதான். ஜோத்பூர் எவ்வளவு கீழே என்று யாருக்கும் பிடிபடவில்லை. மாமா என் பள்ளிக்கூட அட்லஸை வாங்கி விரல் வைத்துக் காட்டினார். அங்கே பச்சை நிறமே இல்லாததைப் பார்த்து அக்கா அட்லஸை மூடி வைத்துவிட்டார்.

அந்தப் பக்கம் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவரை மாமா வீட்டுக்கு அழைத்து வந்தார். அக்கா டீயைக் கொடுத்துவிட்டு, "அங்க தண்ணி எத்தன மணிக்கு வருமுங்க?" என்று கேட்டார். "தண்ணி வந்தாத்தானுங்க மணி பாக்கறதுக்கு" என்று சொல்லிவிட்டு அவர் பிஸ்கட்டை டீயில் தோய்த்துச் சாப்பிட்டார். அன்றிலிருந்து அக்காவின் திட்டம் வேகமெடுத்தது. பித்தளைக் குடம் எல்லாம் வரும். மரச்சாமான் வராது. கட்டிலை விற்றுவிடலாம், ஆட்டுக்கல்லை விற்கக்கூடாது. ஆட்டுக்கல்லுக்காக மாமா வாதாடிப் பார்த்தார். "ராஜஸ்தான்ல கல்லே இல்லைனு யாரு சொன்னா? அங்க மலையே கல்லுதான்" என்றார். "அந்தக் கல்லு இட்லிக்கு மாவாட்டுமுங்களா?" என்று அக்கா கேட்டார். ஆட்டுக்கல் வந்தது.

சாமான் கட்டுவதற்குத் தேயிலைப் பெட்டிகள் வந்து இறங்கின. பலகையில் செய்து உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பழைய பெட்டிகள். வீடு முழுக்கத் தேயிலைத் தூள் வாசனை. குழந்தையாக இருந்த சரவணன் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்று அழுதான். எனக்கும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும் போலத்தான் இருந்தது. ஏனென்றால் அதற்குள் என் விஷயமும் பேசி முடிக்கப்பட்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊட்டிக்கு அப்பால் இருக்கும் சோலூரிலிருந்து பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன். "மாப்ள, அங்க புள்ளைக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க மாமா. எல்லாம் இந்திதான்."

"அப்பறம் எதுக்கு அத்தன தூரம் இழுத்துட்டு அலையறீங்க? எங்கூட்டுல உட்டுட்டுப் போங்க. ரெண்டு வருசத்துல பத்தாவது முடிக்கட்டும். அப்பறம் வேணுமின்னா கூட்டிக்கங்க. இல்லீன்னா இங்கயே ஒரு எடம் பாத்து முடிச்சரலாம்."

முடிப்பது என்றால் கல்யாணம். பெரியப்பா கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு, "செரிங்க பெரியப்பா" என்றார். நான் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன்.

பாலைவனத்துக்குப் போகிறவர்களுக்குக் கம்பளி எதற்கு என்று தெருவே ஒரே குரலில் சொன்னது. அக்காவும் அப்படித்தான் நினைத்தார். மாமாவின் ஸ்வெட்டர் பால்காரருக்குப் போனது. போர்த்திக்கொள்ளும் ரக்கு எல்லாம் பக்கத்து வீடுகளுக்குப் போயின. குழந்தையின் குல்லாயும் காலுறையும்கூடக் கை மாறின. எனக்கு மட்டும் அக்கா புது நூல் வாங்கி வந்தார். மெரூன் நிறம், நல்ல கனமான நூல். சோலூரில் பனி அதிகம் இல்லையா? வீட்டிலுள்ள கம்பளி எல்லாம் வாசல் தாண்டிப் போய்க்கொண்டிருக்க, என்னுடைய ஸ்வெட்டர் மட்டும் ஊசியில் வளர்ந்துகொண்டிருந்தது. அது முடிகிற அன்று நான் சோலூருக்குப் போயாக வேண்டும்.

உடம்புப் பகுதி முடிந்து கைப்பகுதிக்கு வந்தது. ஒரு சனிக்கிழமை மதியம் மாமா பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். "இங்க வா கண்ணு, கைய நீட்டு" என்று அக்கா கூப்பிட்டார். நீட்டினேன். பின்னியதை என் கைமேல் வைத்துப் பார்த்தார். மணிக்கட்டுவரை வந்திருந்தது. "ரெண்டு வருசத்துக்கு ஆவோணுமே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இன்னும் கொஞ்சம் பின்னினார். மறுபடியும் கூப்பிட்டு வைத்துப் பார்த்தார். விரல்களைத் தாண்டிவிட்டது. போதுமா போதாதா என்று அவருக்குத் தெரியவில்லை. என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஊசியை மடியில் வைத்துவிட்டார்.

"ஏனுங்க."

மாமா வாயில் ஆணியோடு நிமிர்ந்தார்.

"ரெண்டு வருசத்துல இவ கை எத்தன நீளம் வருமுங்க?"

மாமா ஆணியை எடுத்தார். "அது எனக்கு எப்புடித் தெரியும்?"

"எனக்கும் தெரியலீங்க" என்றார் அக்கா. "இவ பொறந்ததுல இருந்து இவ கை எத்தன நீளம்னு எனக்குத் தெரியாம ஒருநாளும் இருந்ததில்லீங்க. இவளயும் கூட்டிட்டுப் போயிரலாமுங்க."

"படிப்பு?"

"ஒரு வருசம் போனாப் போவுது. இந்தி படிச்சுக்குவா."

"பெரியப்பாவுக்கு என்ன சொல்றது?"

"நான் சொல்லிக்கறனுங்க."

மாமா என்னைப் பார்த்தார். அப்புறம் சுவரோரம் அடுக்கியிருந்ததைப் பார்த்தார். "அப்ப இன்னொரு பெட்டி வேணுமே" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எங்கள் வீட்டில் பெரிய முடிவுகள் எல்லாம் இந்த மாதிரிதான் எடுக்கப்படும். எனக்கு அக்காவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தும் கட்டிக்கொள்ளவில்லை. எங்கள் குடும்பத்தில் அப்படியெல்லாம் பழக்கமில்லை.

பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எம்பேச்சுக்கு மரியாத இல்ல, வழியனுப்ப வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். குன்னூர் ஸ்டேஷனுக்கு எங்களுக்கு முன்பே வந்து நின்றார், ஒரு மூட்டை உருளைக்கிழங்கோடு. மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி அங்கிருந்து ரயில் மாறி மாறிப் போன அந்தப் பயணம் முழுக்க, அந்த மூட்டைக்கும் ஒரு ஆள் இடம் போய்விட்டது.

தை பிறப்பதற்குச் சற்று முன்னால் ஒரு காலை வேளையில் ஜோத்பூரில் இறங்கினோம். பிளாட்பாரத்தில் நின்றிருந்தவர்கள் எல்லாம் கம்பளியைத் தலையோடு போர்த்தியிருந்தார்கள். நாங்கள் பருத்தி உடையில் நின்றோம். பாலைவனத்தில் குளிர்காலம் உண்டு என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மலைக்காரர்களுக்குக் குளிரைப் பற்றி யார் சொல்லப்போகிறார்கள்? வீட்டுக்கே இருந்த ஒரே கம்பளி, அக்கா பின்னி முடித்திருந்த அந்த மெரூன் ஸ்வெட்டர்தான். உடம்பும் தாராளமாக, கையும் நீளமாகப் பின்னியிருந்ததால் அது என்னைவிட மாமாவுக்குத்தான் சரியாக இருந்தது. காலையில் பால் வாங்கப் போகும்போது மாமா போட்டுக்கொள்வார். வந்ததும் கழற்றி அக்காவிடம் கொடுப்பார். பள்ளிக்கூடம் கிளம்பும்போது என்னிடம் வரும். "ஊட்டிக்காரி கம்பளிய எல்லாம் தானம் பண்ணிட்டு பாலைவனத்துல நடுங்கறேன்னு ஊருக்கு எழுதிராதீங்க" என்று அக்கா மாமாவிடம் கேட்டுக்கொண்டார். மாமா முதல் வேலையாக எழுதிவிட்டார்.

அங்கே இருந்த காலத்தைப் பற்றி எழுதினால் இந்த மலர் போதாது. கோடையில் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது, மண்காற்றில் அரிசியை மறுபடி மறுபடி புடைத்தது, இந்தியில் "பையா", அதாவது அண்ணா, என்று கூப்பிட வேண்டிய காய்க்காரரை அக்கா கடைசிவரை "ஏனுங்க" என்றே கூப்பிட்டது, அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டது, எல்லாம் நினைவிருக்கிறது. நான் ஒரு வருடத்தை இழந்தேன். அடுத்த வருடம் இந்தி பிடிபட்டுவிட்டது. அந்த இந்திதான் பிற்பாடு குன்னூரில் எனக்கு ஆசிரியை வேலையாகி இத்தனை காலம் சோறு போட்டது. சோலூரில் இருந்திருந்தால் பெரியப்பா எப்போதோ முடித்திருப்பார்.

மாமா ஓய்வு பெற்றதும் அவரும் அக்காவும் குன்னூருக்கே திரும்பினார்கள். சில வருடங்களில் மாமா காலமானார். அக்கா பாதி நாள் சரவணன் வீட்டில் இருந்தார், பாதி நாள் என் வீட்டில். தன் பிள்ளைக்குச் செய்ததில் எனக்கு ஒரு பிடி குறைத்ததில்லை. கோபம் வந்தால் பேசமாட்டார், ஆனால் டீ மட்டும் நேரத்துக்கு வந்துவிடும். கண் மங்கிய பிறகும் பேரப்பிள்ளைகளை நிற்க வைத்துத் தொட்டுப் பார்த்தே பின்னினார். இதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது, "அது பொறந்ததுல இருந்து வேல செய்யுதுங்களே, களைக்காதா?" என்று கேட்டு அவரையே சிரிக்க வைத்தார்.

அந்தக் கடைசி வாரங்களில் எங்களுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பொறுமையாகப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், கொட்டுகிற மழையில் ஜீப் கொண்டுவந்த எதிர்வீட்டுத் தம்பிக்கும், சோலூரிலிருந்து வந்து எல்லாக் காரியங்களையும் தோள்மேல் போட்டுக்கொண்ட பெரியப்பா பிள்ளைகளுக்கும், ஜோத்பூரிலிருந்து தொலைபேசியில் அழுத பழைய அண்டைவீட்டாருக்கும், இன்று இங்கே வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அக்கா கடைசியாக என்ன பேசினார் என்று உங்களில் பலர் என்னிடம் கேட்டீர்கள். அன்றைக்குச் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் மதிய நேரம். சரவணன் மருந்து வாங்கப் போயிருந்தான். எதிர்க்கட்டிலில் இருந்தவர் வீட்டுக்குக் கிளம்ப, அவர் வீட்டார் பைகளையும் கூடைகளையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அதைப் பார்த்து ரயில் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

"அல்லாரும் ஏறியாச்சா?" என்றார்.

"ஏறியாச்சுங்கக்கா."

"சரவணன்?"

"ஏறிட்டானுங்க."

"உங்க மாமா?"

"மாமா முன்னாடியே போயி எடம் புடிச்சு உக்காந்துட்டாருங்க."

அக்கா என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "நீ ஏறிட்டியா கண்ணு?"

"ஏறிட்டனுங்கக்கா" என்றேன். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.